தகவல் சொல்லும் குரல்

மெட்ராஸ் வானம் – 11

தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் மீனம்பாக்கத்துக்கு வரும் விமானங்கள் கடலுக்குப் போய்த் திரும்பி, சாந்தோம் கரையைக் கடந்து இறங்குகின்றன. பிரதான ஓடுபாதையின் நடுக்கோட்டை வடகிழக்கே நீட்டிப் பாருங்கள். அது கிண்டி, கோட்டூர்புரம், மந்தைவெளி என்று வந்து சாந்தோம் பேராலயத்துக்குப் பக்கமாகக் கடலில் போய் விழும். ஓடுபாதையின் முனையிலிருந்து இங்கே ஏறத்தாழ 6 கடல் மைல். 3 பாகைச் சரிவில் வரும் விமானம் நம் தலைக்கு மேல் சுமார் 2000 அடியில் இருக்கும். வடகிழக்குப் பருவத்தில் இதே கோட்டின் வழியாகக் கிளம்பிப் போகும்.

அந்த உயரத்தில் விமானி டவருடன் பேசிக்கொண்டிருப்பார். டவர் உத்தரவு கொடுக்கும்: இறங்கலாம், இன்னும் வேண்டாம், மேலே ஏறிச் சுற்றி வா. இந்தத் தொடரில் இதுவரை நாம் பார்த்தது பெரும்பாலும் இந்த உத்தரவுக் குரல்களின் வரலாறுதான். ஆனால் அதே விமானம் கரையைத் தாண்டிக் கிழக்கே போர்ட் பிளேரை நோக்கிப் போனால் அதற்கு இன்னொரு குரலும் வேண்டியிருக்கிறது. அந்தக் குரல் எதையும் கட்டளையிடாது. முன்னால் இடிமேகம் நிற்கிறது, எதிரே ஒரு விமானம் இத்தனை மணிக்கு இந்த இடத்தைக் கடக்கும், போகிற ஊரில் காற்று திசை மாறிவிட்டது என்று சொல்லும். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளும். பேச வேண்டிய நேரத்தில் விமானி பேசவில்லை என்றால் தேட ஆளனுப்பச் சொல்லும். அமெரிக்காவில் இந்த வேலை நடக்கும் இடத்துக்கு ஃப்ளைட் சர்வீஸ் ஸ்டேஷன் என்று பெயர். கம்ப்யூட்டரில் சிமுலேட்டர் வைத்து, இணையத்தில் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டு பறப்பவர்கள் சுருக்கமாக எஃப்.எஸ்.எஸ். என்பார்கள்.

சென்னை வானத்தின் வரலாற்றில் சிமுலேட்டருக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். எனக்கு அதில் ஐயமே இல்லை. டவரையோ கட்டுப்பாட்டு அறையையோ சாதாரண மனிதர்கள் பார்க்க முடியாது. அங்கே நடப்பதை ஒரு மயிலாப்பூர்ப் பையனோ அடையாறு பெண்ணோ முழுதாகத் தெரிந்துகொண்டது இந்த இணைய வலைப்பின்னல்கள் வழியாகத்தான். ஆகவே இந்த வாரம் எஃப்.எஸ்.எஸ். என்ற நாற்காலியின் கதை.

உத்தரவுக்கு மூத்தது தகவல்

வானத்தில் முதலில் வந்தது கட்டுப்பாடு அல்ல, தகவல். அமெரிக்க அஞ்சல் துறை 1920 ஆகஸ்டில், நியூயார்க்கையும் சான் ஃபிரான்சிஸ்கோவையும் இணைத்த விமானத் தபால் பாதை நெடுகிலும் வயர்லெஸ் நிலையங்களை அமைக்க உத்தரவிட்டது. அந்த விமானங்களிலோ வயர்லெஸ் கிடையாது. நிலையங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டன. தபால் விமானம் எத்தனை மணிக்குக் கிளம்பியது, அடுத்த ஊரில் மூடுபனி எப்படி, வர வேண்டியது வந்துவிட்டதா என்பவைதான் செய்திகள். விமானி தரையிறங்கி எண்ணெய் நிரப்பும்போது ஒரு துண்டுத்தாளில் அவருக்கு வானிலை கிடைக்கும். மேலே போன பிறகு அவர் தனி ஆள்.

வயர்லெஸ் வைத்த முதல் டவர் கிளீவ்லாந்தில் வந்தது 1930-ல். பாதையில் போகும் விமானங்களை ஒழுங்குபடுத்தும் மையம் நியூவர்க்கில் தொடங்கியது 1935 டிசம்பரில். அதையும் விமானக் கம்பெனிகளே சேர்ந்து தொடங்கின. மறு ஆண்டு ஜூலையில்தான் அரசு எடுத்துக்கொண்டது. தகவல் சொன்ன நிலையங்கள் அதற்கு 15 ஆண்டு மூத்தவை. அண்ணனை மறந்துவிட்டுத் தம்பியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம்.

சாந்தோம்வாசிகளுக்கு அக்கறை தரக்கூடிய ஒரு விவரம் இதில் உண்டு. 1920-களின் பிற்பாதியில் அந்த வயர்லெஸ் நிலையங்களும் இரவுப் பாதைக்கான ஒளிவிளக்குகளும் அமெரிக்காவின் கலங்கரை விளக்கத் துறையிடம் ஒப்படைக்கப்பட்டன. கப்பலுக்கு வெளிச்சம் காட்டியவர்களே விமானத்துக்கும் வெளிச்சம் காட்டினார்கள், வானிலையும் சொன்னார்கள். காரணம் எளியது. கப்பலைக் கலங்கரை விளக்கம் ஓட்டுவதில்லை. இங்கே பாறை, இங்கே கரை என்று சொல்வதோடு அதன் கடமை தீர்ந்தது. சுக்கான் மாலுமியின் கையில். தகவல் நிலையத்தின் இயல்பும் அதுவேதான். கடற்கரைச் சாலையில், சாந்தோமை ஒட்டி 1977-லிருந்து எரியும் நம் கலங்கரை விளக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த உறவு நினைவுக்கு வரும்.

அந்த நிலையங்களுக்கு ஃப்ளைட் சர்வீஸ் ஸ்டேஷன் என்ற பெயர் 1960 வாக்கில் நிலைத்தது. ஒரு காலத்தில் 400-க்கும் மேற்பட்டவை இருந்தன. சிறு விமானம் ஓட்டுபவர் போனில் கூப்பிட்டு வானிலை கேட்பார், ஃப்ளைட் பிளான் கொடுப்பார், ஊர் போய்ச் சேர்ந்ததும் மறுபடி கூப்பிட்டுச் சேர்ந்துவிட்டேன் என்பார். சொல்லாமல் விட்டால் தேடல் தொடங்கும். கம்ப்யூட்டர் வந்த பின் நிலையங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 2005-ல் மிச்சமிருந்த 58 நிலையங்களின் பணியை லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனத்திடம் அரசு ஒப்படைத்தது. அலாஸ்காவை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. மலையும் பனியும் சூழ்ந்து, ரேடார் எட்டாத இடத்தில் மனிதக் குரல் இல்லாமல் முடியாது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

வங்கக் கடலின் நடுவில்

நம் ஊருக்கு வருவோம். 1932 அக்டோபரில் ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்தார். அங்கிருந்து பெல்லாரி வழியாக மெட்ராஸுக்கு அதைக் கொண்டுவந்தவர் நெவில் வின்சென்ட். புஸ் மாத் என்ற சிறு விமானம், வயர்லெஸ் இல்லை. ஆறு, ரயில் தண்டவாளம், மலை இவற்றைப் பார்த்துத்தான் பாதை. தரையில் கிடைத்த தகவலோடு சரி.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் உலகம் முழுவதும் ஒரே வழக்கம் வந்தது. 1944-ல் சிகாகோவில் கையெழுத்தான உடன்படிக்கையின் வழியில் வானம் ஃப்ளைட் இன்ஃபர்மேஷன் ரீஜன்களாகப் பிரிக்கப்பட்டது. எல்லைகளை நாடுகள் பேசி முடிவு செய்தன. இந்தியாவின் பங்கு மும்பை, டெல்லி, கொல்கத்தா, சென்னை என நான்கு பகுதிகள். சென்னைப் பகுதி தென்னிந்தியாவைத் தாண்டி வங்கக் கடலின் பெரும்பரப்பை உள்ளடக்கியது. ஒரு பக்கம் கொழும்புப் பகுதியோடும் மறுபக்கம் கோலாலம்பூர்ப் பகுதியோடும் எல்லை தொடுகிறது. கடலுக்கு மேலே உள்ள இந்தப் பகுதிக்குள் பறக்கும் ஒவ்வொரு விமானத்துக்கும் இரண்டு சேவைகள் கட்டாயம்: தகவல் தருவது, ஆபத்தில் தேட ஏற்பாடு செய்வது. கட்டுப்பாடு என்பது இவற்றுக்கு மேல் சேர்ந்த அடுக்கு.

இதைச் செய்வது எளிதல்ல. வி.ஹெச்.எஃப். வயர்லெஸ் நேர்கோட்டில்தான் போகும். 35,000 அடியில் பறக்கும் விமானத்துக்கும் அது சுமார் 200 கடல் மைல் வரைதான் எட்டும். சென்னையிலிருந்து போர்ட் பிளேர் 700 கடல் மைலுக்கு மேல். நடுவே உள்ள வானத்தில் விமானி பேசுவது ஹெச்.எஃப். அலைவரிசையில். 6556, 10066 கிலோஹெர்ட்ஸ் என்ற எண்களை மெட்ராஸ் ரேடியோவைக் காதால் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி வருவதால் இரைச்சல், தேய்வு, சில நேரம் கொழும்பு கேட்காமல் யாங்கோன் தெளிவாகக் கேட்கும் விந்தை. விமானி தன் இடம், நேரம், உயரம், அடுத்த புள்ளியை அடையும் நேரம், அதற்கடுத்த புள்ளியின் பெயர் என்று வரிசையாகச் சொல்வார். ரேடியோ ஆபரேட்டர் அதை எழுதி, திரும்பப் படித்துக் காட்டி, கட்டுப்பாட்டு அறைக்கு அனுப்புவார்.

இந்தப் பிரிவினையை வட அட்லாண்டிக்கில் இன்னும் துலக்கமாகக் காணலாம். ஷான்விக் ரேடியோவின் ஆபரேட்டர்கள் அயர்லாந்தில் பாலிகிரீன் என்ற இடத்தில் இருக்கிறார்கள். கண்ட்ரோலர்கள் ஸ்காட்லாந்தில் பிரெஸ்ட்விக்கில். விமானி பேசுவது ஒருவரிடம், முடிவெடுப்பவர் இன்னொருவர். நடுவில் இருப்பவர் ஒரு சொல்லையும் கூட்டாமல் குறைக்காமல் கடத்த வேண்டும். இப்போது செயற்கைக்கோள் வழியாக எழுத்தில் செய்தி போகும் சி.பி.டி.எல்.சி. முறை வந்து இந்தக் குரல்களின் பாரம் குறைந்திருக்கிறது. ஆனாலும் ஹெச்.எஃப். காத்திருக்கிறது.

தேடல் சேவையின் அருமை தெரிய 2016 ஜூலை 22-ஐ நினைத்தால் போதும். தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய விமானப்படையின் ஏ.என்.-32, 29 பேருடன் வங்கக் கடலில் மறைந்தது. கப்பல்களும் விமானங்களும் வாரக்கணக்கில் தேடின. பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் ஆளில்லா நீர்மூழ்கி எடுத்த படங்களில், சுமார் 3400 மீட்டர் ஆழத்தில், அதன் சிதைவாக இருக்கலாம் என்று தெரியவந்தது 2024 ஜனவரியில்தான். ஏழரை ஆண்டு. குறித்த நேரத்தில் பேச்சு வரவில்லை என்றால் முதலில் ஐயநிலை, அடுத்து எச்சரிக்கை நிலை, பிறகு ஆபத்து நிலை என்று அறிவிக்கும் மூன்று படிகளைப் புத்தகத்தில் படிக்கும்போது அவை வெறும் விதிகள். அந்த 29 குடும்பங்களை நினைத்தால் ஒவ்வொரு நிமிடமும் எப்படிக் கணக்கிடப்பட வேண்டும் என்பது புரியும்.

அமெரிக்க நிலையத்துக்கு நிகராக இங்கே இருப்பது ஃப்ளைட் இன்ஃபர்மேஷன் சென்டர். ஃப்ளையிங் கிளப் பயிற்சி விமானமோ தனியார் விமானமோ கிளம்பும் முன் அங்கிருந்து ஓர் எஃப்.ஐ.சி. எண் வாங்க வேண்டும், வான்பாதுகாப்புக்கு ஏ.டி.சி. எண் ஒன்றும் வேண்டும். இரண்டும் இல்லாமல் சக்கரம் நகராது. இந்த அன்றாட வேலையைச் செய்பவர்களைப் பற்றி யாரும் எழுதியதில்லை என்பது எனக்கு வருத்தம்.

வீட்டு மேசையில் ஒரு நாற்காலி

மைக்ரோசாஃப்டின் ஃப்ளைட் சிமுலேட்டர் 1982-ல் வந்தது. அதற்கு முன்பே அதன் மூலத்தை எழுதியவர் புரூஸ் ஆர்ட்விக். வெகுகாலம் அது ஒற்றை ஆள் விளையாட்டு. வானத்தில் வேறு யாரும் இல்லை, பேசவும் ஆளில்லை. 1990-களின் பிற்பகுதியில் இரண்டு சிறு மென்பொருள்கள் அதை மாற்றின. விமானிக்கு ஸ்குவாக்பாக்ஸ், கண்ட்ரோலருக்கு ப்ரோகண்ட்ரோலர். இவற்றைக் கொண்டு சாட்கோ என்ற அமைப்பு உலகளாவிய வலைப்பின்னல் ஒன்றை நடத்தியது. அதிலிருந்து பிரிந்து 1998-ல் ஐவாவ் பிறந்தது. சாட்கோவின் வழியில் 2001-ல் வாட்சிம் வந்தது. இரண்டும் இன்றும் இயங்குகின்றன. யாருக்கும் சம்பளம் இல்லை, யாரும் கட்டணம் கட்டுவதில்லை. தன்னார்வலர்கள் பாடம் நடத்துகிறார்கள், தேர்வு வைக்கிறார்கள், ஷிஃப்ட் பார்க்கிறார்கள்.

சென்னையில் அப்போதிருந்த நிலைமையையும் சொல்ல வேண்டும். வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையம் கொடுத்தது 1995 ஆகஸ்ட் 15-ல். மாணவர்களுக்கு எழுத்து மட்டும் தெரியும் கணக்கு 500 ரூபாய். படம் தெரியும் கணக்கு ஆண்டுக்கு 15,000 ரூபாய். பெரும்பாலான வீடுகளுக்கு எட்டாத தொகை. பிறகு விலை இறங்கியது, தெருவுக்குத் தெரு பிரவுசிங் சென்டர்கள் வந்தன. வீட்டில் இணைப்பு வைத்திருந்தவர்களுக்கும் அது தொலைபேசிக் கம்பி வழியாகத்தான். நடுக்கடலில் பறந்துகொண்டிருக்கும்போது வீட்டில் யாராவது ரிசீவரை எடுத்தால் இணைப்பு அறுந்து, கண்ட்ரோலரின் திரையிலிருந்து அந்த விமானம் காணாமல் போகும். பேச்சு பெரும்பாலும் டைப் செய்வதுதான். அந்நாளைய சிமுலேட்டரில் நம் கரை ஒரு பச்சைத் தரை, அதை ஒட்டி ஒரு நீலத் தட்டு. ஆனாலும் 07, 25 என்ற ஓடுபாதை எண்களும் வி.ஓ.எம்.எம். என்ற மீனம்பாக்கத்தின் நான்கெழுத்துக் குறியும் அங்கே சரியாகவே இருந்தன.

வலைப்பின்னலில் ஒவ்வொரு கண்ட்ரோலரும் தன் இடத்தின் குறியோடு வேலையின் சுருக்கத்தையும் சேர்த்துப் பெயர் வைத்துக்கொள்வார். டெலிவரி, கிரவுண்ட், டவர், அப்ரோச், சென்டர். இவற்றோடு அமெரிக்கப் பழக்கத்தில் ஆறாவதாக வந்து அமர்ந்தது எஃப்.எஸ்.எஸ். பெயருக்கு ஏற்ப அது தகவல் நிலையமாகவே இருந்திருக்கலாம். நடந்தது வேறு. ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு தூரம் வரை பார்க்கலாம் என்று ஓர் எல்லை வைத்தார்கள். சென்டருக்கு 600 கடல் மைல், எஃப்.எஸ்.எஸ்.ஸுக்கு 1500. சென்னையை நடுவாக வைத்து அப்படி ஒரு வட்டம் போட்டால் கோலாலம்பூர் உள்ளே வந்துவிடும். சிங்கப்பூர் மட்டும் சற்று வெளியே நிற்கும். இவ்வளவு அகலமான பார்வை கிடைத்ததும், பல பகுதிகளை ஒருவரே சேர்த்துப் பார்க்க அந்தப் பெயர் பயன்பட்டது. ஐரோப்பாவின் மேல்வானத்தை யூரோகண்ட்ரோல் என்ற பெயரில் நடத்தும் வாட்சிம் கண்ட்ரோலர்கள் எஃப்.எஸ்.எஸ். என்ற ஒட்டோடுதான் வருகிறார்கள். அவர்கள் கொடுப்பது முழுக்க உத்தரவு. அனுபவம் மிகுந்தவர்களுக்கே அது கிடைக்கும். தரவரிசையில் சி1-ஐத் தொட்ட பிறகும் தனி அனுமதி வேண்டும். அலாஸ்காவின் எளிய நாற்காலி இப்படி மகுடமாகிவிட்டது.

இதில் எனக்கு உடன்பாடில்லை. ஆள் குறைவாக இருக்கும் வலைப்பின்னலில் ஒருவர் பல பகுதிகளைப் பார்ப்பதன் நியாயம் புரிகிறது. இரவு 2 மணிக்கு ஐரோப்பாவைக் கடப்பவருக்கு ஏதோ ஒரு குரல் கிடைக்கிறதே என்பதும் உண்மை. ஆனால் தகவல் தருவதற்கென்று இருந்த ஒரே இடமும் போய்விட்டதால், கண்ட்ரோலர் இல்லாத வானத்தில் விமானிக்கு எஞ்சுவது 122.8 என்ற பொது அலைவரிசைதான். அங்கே ஒவ்வொருவரும் தன் நோக்கத்தைத் தானே அறிவித்துக்கொள்ள வேண்டும். கேட்கிறவர் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். நம் பக்கத்து வானத்தில் பல மணி நேரங்கள் அப்படித்தான் கழிகின்றன. இந்தியா வாட்சிமின் மேற்கு ஆசியப் பிரிவில் இருக்கிறது. கிழக்கே கடலைக் கடந்தால் வேறு பிரிவு. வங்கக் கடல் இரண்டுக்கும் ஓரம்.

பழைய பொருளில் எஃப்.எஸ்.எஸ். எப்படி நடக்கலாம் என்பதற்கு அட்லாண்டிக்கே சான்று. அங்கே ஷான்விக்கைத் திறப்பவர்களும் எஃப்.எஸ்.எஸ். என்ற ஒட்டைத்தான் வைத்திருக்கிறார்கள். ஆண்டுதோறும் கிராஸ் தி பாண்ட் என்ற பெருநிகழ்வில் நூற்றுக்கணக்கான விமானங்கள் ஒரே நாளில் கடல் கடக்கின்றன. ரேடார் படம் திரையில் தெரிந்தாலும், தெரியாததுபோல வைத்துக்கொண்டு, விமானி சொல்லும் இடத்தையும் நேரத்தையும் மட்டும் நம்பி இடைவெளி கணக்கிடுகிறார்கள். 2019 அக்டோபரில் வாட்சிம் தன் குரல் அமைப்பையே மாற்றியது. வி.ஹெச்.எஃப். என்றால் தூரமும் உயரமும் பொறுத்துத் தேயும், ஹெச்.எஃப். என்றால் இரைச்சலோடு தொலைவுக்குப் போகும். அன்றிலிருந்து ஒரு மந்தைவெளி வீட்டில் ஹெட்செட் மாட்டி உட்கார்ந்தவருக்கும், பழைய மெட்ராஸ் ரேடியோவில் ஆபரேட்டர் காதைத் தீட்டிக் கேட்டது எப்படி இருந்திருக்கும் என்பது கிட்டத்தட்ட விளங்கியது.

தேடல் சேவை மட்டும் இந்த உலகத்தில் இல்லை. அதற்கு இடமும் கூடாது. விமானக் கடத்தலை நடிப்பது வலைப்பின்னல்களில் தடை. எஞ்சின் பழுது என்று அறிவித்தாலும், கண்ட்ரோலர் முடியாது என்றால் விமானி அதைக் கைவிட வேண்டும், இல்லையேல் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். இழந்தவர்கள் உள்ள ஊரில் இந்தக் கட்டுப்பாடு சரியானது.

மீதி எல்லாவற்றுக்கும் இங்கே இடம் உண்டு. சென்னைப் பகுதியில் கண்ட்ரோலர் யாரும் இல்லாத இரவுகளில், பயிற்சியில் இருக்கும் ஒருவர் ரேடியோவாக மட்டும் அமரட்டும். டவர் வரைக்கும் எஸ்2, அப்ரோச்சுக்கு எஸ்3, சென்டருக்கு சி1 என்று ஏணி வைத்திருக்கிறார்கள். உத்தரவு எதுவும் கொடுக்காத நாற்காலிக்கு அந்த ஏணியின் உச்சிப்படி எதற்கு? மீனம்பாக்கத்தின் வானிலை அறிக்கையைப் படித்துச் சொல்வதற்கும், போர்ட் பிளேருக்குப் போகிறவரின் ஃப்ளைட் பிளானில் பாதை சரியா என்று பார்ப்பதற்கும், இடம் சொல்லும்போது எழுதித் திரும்பப் படிப்பதற்கும் தேவை கவனமும் தெளிவான உச்சரிப்பும்தான். அகர்தலாவிலிருந்து முதல்முறை பறக்க வந்த பதினாறு வயதுக்காரர் எந்த ஓடுபாதை என்று தயங்கிக் கேட்டால், காற்று இப்படி வீசுகிறது, பொதுவாக இந்தப் பக்கம் இறங்குகிறார்கள் என்று சொல்லிவிட்டு முடிவை அவரிடமே விடலாம். பிறகு அதே ஆள் டவரில் அமரும்போது, விமானிக்கு என்ன தெரியாது என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். அலகாபாத் பம்ரௌலியில் 1948-லிருந்து நிஜக் கண்ட்ரோலர்களைப் பயிற்றுவிக்கும் மையத்திலும், ரேடார் திரைக்குப் போகும் முன் காகிதக் கீற்றில் நேரம் எழுதி இடைவெளி காக்கும் பாடம் உண்டு. இணையத்தில் பழகுபவர்களுக்கும் அந்தப் பாடத்தை வங்கக் கடல் இலவசமாகவே தருகிறது. விதிகளை எழுதும் பிரிவுகள் அனுமதி தர வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்த வாரம்: தாம்பரம் விமானத் தளம்.